இடுப்பளவில் கேமரா: சின்ன பிலிம் கேமராவோடு வேலூர்த் தெருவில் படம் எடுப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூரில் பிலிம் போட்டுப் படம் எடுப்பவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அதனாலோ என்னவோ, கையடக்கக் கேமரா ஒன்றை வயிற்றோடு பிடித்துக்கொண்டு லாங் பஜாரில் நடந்தால் யாராவது ஒருவர் நிறுத்திக் கேட்காமல் விடமாட்டார். கல்லூரிப் பிள்ளைகள் கேட்கிறார்கள், பழைய ஸ்டுடியோக்காரர்கள் கேட்கிறார்கள், டீக்கடையில் கிளாஸோடு நிற்பவர்களும் கேட்கிறார்கள். இத்தனை நாள் வாயால் சொன்ன பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

இடுப்பளவில் எடுப்பது என்று எதைச் சொல்கிறீர்கள்?

கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோகாமல், தொப்புள் பக்கமாகவோ கொஞ்சம் மேலேயோ பிடித்துக்கொண்டு எடுப்பது. அதற்கென்றே மேல்பக்கம் கண்ணாடி வைத்த கேமராக்கள் உண்டு. குனிந்து மேலிருந்து பார்த்து எடுக்கலாம். 35 எம்எம் அகலப் பிலிம் போடும் சின்னக் கேமராக்களில் பெரும்பாலும் அந்த வசதி கிடையாது. தூரத்தையும் கோணத்தையும் மனசில் கணக்குப் போட்டு, வியூஃபைண்டரை, அதாவது கண்ணை வைத்துப் பார்க்கும் துளையை, பார்க்காமலே எடுக்க வேண்டும். நான் செய்வது இந்த இரண்டாவது வகை.

கண்ணில் வைத்து எடுத்தால் என்ன குறைந்துவிடும்?

முதலில், உங்கள் முகம் மறைந்துவிடும். எதிரில் இருப்பவர் உங்களோடு பேசிக்கொண்டிருக்கும்போதே அவருக்கும் உங்களுக்கும் நடுவில் ஒரு கறுப்புப் பெட்டி வந்துவிடுகிறது. பேச்சு அங்கேயே நின்றுபோகும். முந்தானையை இழுத்துவிட்டுக்கொள்வார்கள், மூச்சைப் பிடித்துக்கொண்டு விறைப்பாக உட்காருவார்கள். கேமரா வயிற்றில் இருந்தால் உங்கள் முகம் அவர்களுக்குத் தெரிந்துகொண்டே இருக்கும், பேச்சும் ஓடிக்கொண்டே இருக்கும். நான் இந்த முறைக்கு வந்ததும், இதிலேயே தங்கிவிட்டதும் இதற்காகத்தான்.

இன்னொரு காரணம் படத்துக்குள் இருக்கிறது. தரை சமமாக இருக்கும் இடத்தில் தொடுவானக் கோடு எப்போதும் கேமராவின் உயரத்திலேயே ஓடும். கேமரா கண்ணுயரத்தில் இருந்தால், எதிரில் நிற்பவரின் கண்ணுக்கும் காதுக்கும் குறுக்கே அந்தக் கோடு போகும். இடுப்பில் இருந்தால் அவருடைய இடுப்புக்கு இறங்கிவிடும். வேலூர்க் கோட்டை அகழி ஓரம் ஒருவரை நிறுத்தி இரண்டு விதமாகவும் எடுத்துப் பாருங்கள். தண்ணீர் தரைக்குக் கொஞ்சம் கீழே இருப்பதால், கண்ணில் வைத்து எடுத்ததில் தண்ணீரும் மதிலும் சேரும் கோடு அவர் கழுத்தை அறுத்த மாதிரி தோள்மட்டத்தில் போகும். இடுப்பில் வைத்து எடுத்ததில் அதே கோடு வேட்டி மடிப்புப் பக்கம் வந்துவிடும். தோளும் தலையும் கருங்கல் மதிலுக்கு முன்னால் தனியாக நிற்கும்.

கூட்டத்திலும் இதே கதைதான். கண்ணுயரத்தில் எடுத்தால் எல்லாத் தலையும் ஒரே வரிசையில் வந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். கீழிருந்து எடுத்தால் கிட்டத்தில் இருப்பவர் தலை மேலேயும் தூரத்தில் இருப்பவர் தலை கீழேயும் வரும். யார் முன்னால், யார் பின்னால் என்பது படத்திலேயே பிரிந்து தெரியும்.

அப்புறம், நம் ஊர்ச் சந்தையில் பாதி வியாபாரம் தரையில்தான் நடக்கிறது. தரையில் சாக்கு விரித்து உட்கார்ந்திருப்பவரை நின்றபடி கண்ணில் வைத்து எடுத்தால் உச்சந்தலையும் மூக்கும்தான் கிடைக்கும். ஐந்து வயதுக் குழந்தையின் கண், ஏறக்குறைய நம் இடுப்பு உயரத்தில் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை பொய்கை மாட்டுச்சந்தைக்குப் போனால் தரகர்கள் துண்டைப் போட்டு மூடி, அதற்குள் விரலைப் பிடித்து விலை பேசுவதைப் பார்க்கலாம். அந்தத் துண்டும் இடுப்பு உயரத்தில்தான் இருக்கும். ஒருமுறை மூன்று கைகள் ஒரே துண்டுக்குள் போனதைப் பார்த்தேன். மேலே மூன்று பேர் முகத்திலும் எதுவுமே இல்லை. எல்லாம் துண்டின் அசைவில் நடந்துகொண்டிருந்தது. கண்ணில் வைத்து எடுத்திருந்தால் முகங்கள்தான் பெரிதாக வந்திருக்கும்.

இது புதிதாக வந்த பழக்கமா?

இல்லை. வீட்டில் 1960கள், 70களின் கல்யாண ஆல்பம் இருந்தால் எடுத்துப் பாருங்கள். பெண்ணும் மாப்பிள்ளையும் கொஞ்சம் உயரமாக, கம்பீரமாகத் தெரிந்தால், அது பெரும்பாலும் மேல்பக்கம் கண்ணாடி வைத்த, வயிற்றில் பிடிக்கும் இரட்டை லென்ஸ் கேமராவில் எடுத்த படமாக இருக்கும். 1929-இல் ஜெர்மனியில் ரோலைஃப்ளெக்ஸ் வந்த பிறகு அந்த வகைக் கேமரா உலகம் முழுக்கப் பரவியது. நம் ஊர் ஸ்டுடியோக்களில் யாஷிகாதான் அதிகம். குடியாத்தத்தில் என் பெரியப்பா அப்படி ஒன்றுதான் வைத்திருந்தார். ஊட்டியில் தயாரான 'இந்து' ரோலைப் போட்டு, கேமராவைக் கழுத்தில் மாட்டி வயிற்றில் வைத்து, குனிந்து பார்ப்பார். மேல் கண்ணாடியில் உருவம் நேராகத் தெரியும், ஆனால் இடம் வலம் மாறித் தெரியும். மாப்பிள்ளை வலது பக்கம் நகர்ந்தால் கண்ணாடியில் இடது பக்கம் போவார். பெரியப்பா குனிந்தபடியே வாயால் கூட்டத்தை நகர்த்திக்கொண்டிருப்பார்: "அண்ணி, இன்னும் கொஞ்சம் உள்ள வாங்க."

இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர் ஹோமாய் வியாரவாலாவும் ரோலைஃப்ளெக்ஸ் வைத்திருந்தார். நியூயார்க் தெருக்களில் விளையாடும் குழந்தைகளை எடுத்த ஹெலன் லெவிட், தன் லைக்காவில் பக்கவாட்டில் பார்க்கும் வியூஃபைண்டரை மாட்டிக்கொண்டார். உடம்பு ஒரு பக்கம் திரும்பியிருக்க, லென்ஸ் வேறு பக்கம் பார்க்கும். அவர் படங்கள் எனக்கு ரொம்பப் பிடிக்கும், ஆனால் அந்த முறையில் எனக்குச் சம்மதம் இல்லை. ஏன் என்று கீழே சொல்கிறேன்.

எந்தக் கேமரா வாங்கலாம்?

நான் அதிகம் பயன்படுத்துவது ஒலிம்பஸ் எக்ஸ்ஏ2. 1980-இல் வந்தது. அதற்கு முந்தைய வருடம் வந்த எக்ஸ்ஏவை வடிவமைத்தவர் மைத்தானி யோஷிஹிசா. எக்ஸ்ஏவில் வியூஃபைண்டருக்குள் பார்த்து ஃபோகஸைப் பொருத்தலாம். தூரத்தை ஊகித்து முன்கூட்டியே வைத்துக்கொள்வதும் முடியும். எக்ஸ்ஏ2-இல் மூன்றே நிலைகள்: கிட்டே, நடுவில், தூரத்தில். மூடியை ஒருமுறை மூடித் திறந்தால் தானாகவே நடு நிலைக்கு வந்துவிடும். இடுப்பளவில் எடுப்பவனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ஃபிளாஷ் தனியாகக் கழற்றி மாட்டுவது, ஆகவே கேட்காமல் வெளிச்சம் அடிக்காது. மோட்டார் இல்லை, கட்டைவிரலால் பல்சக்கரத்தைத் தள்ளி ரோலை நகர்த்த வேண்டும். மோட்டார் சத்தமே வராது. மேலே சிவப்பு நிறத்தில் தட்டையான ஷட்டர் பட்டன், தொட்டாலே விழுந்துவிடும். கையை இறக்கும்போது தெரியாமல் பட்டு ஒன்றிரண்டு படம் வீணாகும், அதற்குத் தயாராக இருங்கள். இரண்டு எல்ஆர்44 பட்டன் பேட்டரி போதும், வாட்ச் கடையிலேயே கிடைக்கும்.

வசதி இருப்பவர்களுக்கு ரோலை 35 (Rollei 35) கேமரா. 1966-இல் வந்தது, ஹைன்ஸ் வாஸ்கே வடிவமைத்தது. 40 எம்எம் லென்ஸ் (இந்த எம்எம் பிலிமின் அகலம் இல்லை, லென்ஸின் குவியத் தூரம்; எண் குறையக் குறைய அகலமாகப் பார்க்கும்), தூரத்தை நாம்தான் வைக்க வேண்டும். இதன் அழகு என்னவென்றால், வெளிச்சம் காட்டும் முள் கேமராவின் மேல்தட்டில் இருக்கிறது. வயிற்றில் வைத்துக் குனிந்து பார்த்தாலே முள் தெரியும். கண்ணுக்குத் தூக்கவே வேண்டாம்.

மூன்றாவது, எனக்கு ரொம்பப் பிரியமானது: ஒலிம்பஸ் பென் ஈஈ-2. அரை ஃப்ரேம் கேமரா. 36 படம் வரும் ரோலில் 72 வரும். சாதாரணக் கேமராவை நேராகப் பிடித்தால் படுக்கைவாட்டப் படம் வரும். அரை ஃப்ரேமை நேராகப் பிடித்தால் நெட்டுவாட்டப் படம் வரும். நின்ற ஆளை எடுக்க மணிக்கட்டைத் திருப்ப வேண்டியதே இல்லை. ஃபோகஸ் நிலையானது, பேட்டரி கிடையாது. லென்ஸைச் சுற்றியுள்ள செலினியம் செல் வெளிச்சத்தில் இயங்கும். வெளிச்சம் போதவில்லை என்றால் ஷட்டர் விழாது. வியூஃபைண்டரில் ஒரு சிவப்புக் கொடி எழும். நாம் வியூஃபைண்டரைப் பார்ப்பதில்லை, ஆனால் பட்டன் அழுந்தாதபோது விரலுக்கே தெரிந்துவிடும். வாங்கும்போது லென்ஸைக் கையால் மூடி அழுத்துங்கள். கொடி வராமல் ஷட்டர் விழுந்தால் அந்தக் கேமரா வேண்டாம்.

புதிதாகத்தான் வேண்டும் என்றால் 2022-இல் வந்த கோடாக் எக்டார் எச்35 இருக்கிறது. அதுவும் அரை ஃப்ரேம், நிலையான ஃபோகஸ். 2024-இல் வந்த பென்டாக்ஸ் 17 விலை அதிகம். காசே செலவழிக்க விருப்பமில்லை என்றால், வீட்டுப் பீரோவில் அப்பாவின் பழைய கோடாக் கேபி 10 கிடக்கிறதா என்று தேடுங்கள். வெயிலில் அது நன்றாகவே எடுக்கும்.

பழைய கேமரா எதுவாக இருந்தாலும் பின்கதவைத் திறந்து ஓரத்தில் வெளிச்சம் புகாமல் தடுக்கும் கறுப்பு ஃபோமைத் தொட்டுப் பாருங்கள். விரலில் பிசுபிசுவென்று ஒட்டினால் மாற்ற வேண்டும். நான் இதைப் பார்க்காமல் ஒரு கடையில் வாங்கி வந்து, முதல் ரோல் முழுக்க ஆரஞ்சு நிறக் கோடுகளோடு திரும்பக் கிடைத்தது.

மேலிருந்து பார்க்கும் வசதியுள்ள சின்னக் கேமரா எதுவுமே இல்லையா?

இருக்கிறது. யாஷிகா டி3, அப்புறம் டி5. இரண்டிலும் மேல்பக்கம் சின்னதாக ஒரு ஜன்னல் உண்டு, குனிந்து பார்த்து எடுக்கலாம். டி5-ஐ அமெரிக்காவில் டி4 சூப்பர் என்று விற்றார்கள். வெறும் டி4-இல் அந்த ஜன்னல் இல்லை, பெயரைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். லென்ஸ் அருமையானது, விலையும் அதற்குத் தக்கபடி ஏறிவிட்டது. ஆனால் ஜன்னலைப் பார்க்கக் குனிந்தால் எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்க்க முடியாதே. எனக்கு அது ஒத்துவரவில்லை.

பார்க்காமல் எடுத்தால் தலை வெட்டுப்படாதா?

வெட்டுப்படும், கணக்கு தெரியாதவரை. கணக்கு எளிது. கேமரா தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில், மட்டமாக, படுக்கைவாட்டத்தில் இருக்கிறது. லென்ஸ் 35 எம்எம் என்று வைத்துக்கொள்வோம். 3 மீட்டர் தள்ளி நிற்பவரிடம் தரையிலிருந்து சுமார் 2 மீட்டர் உயரம் வரை படத்தில் விழும். செருப்பிலிருந்து தலை வரை முழு ஆளும் வந்துவிடுவார். 2 மீட்டருக்கு நெருங்கினால் தரையிலிருந்து 30 சென்டிமீட்டருக்கு மேல்தான் தொடங்கும், 1.7 மீட்டரோடு முடிந்துவிடும். ஐந்தரை அடி ஆள் என்றால் தலைமுடி மேல் ஓரத்தைத் தொடும். அதற்கும் உயரமானவர் நெற்றி போய்விடும்.

அப்போது என்ன செய்வது? கேமராவின் முன்பக்கத்தைக் கொஞ்சமே கொஞ்சம் மேலே தூக்கலாம். ஐந்து டிகிரி சாய்த்தால் 2 மீட்டரில் ஒரு சாண் அளவு, சுமார் 20 சென்டிமீட்டர், மேலே கிடைக்கும். இல்லையென்றால் கேமராவை நெட்டுக்குத்தாகத் திருப்பலாம், 2 மீட்டரிலேயே முழு ஆளும் அடங்குவார். தரையில் உட்கார்ந்திருப்பவருக்கு எந்தச் சாய்ப்பும் வேண்டாம், அவர் தலை படத்தின் நடுவுக்குக் கொஞ்சம் கீழே வந்து நிற்கும். மேலே மிச்சமிருக்கும் இடத்தில் பின்னால் தொங்கும் தராசு, மின்விசிறி, கடைப் பெயர்ப்பலகை எல்லாம் வந்து உட்காரும்.

28 எம்எம் லென்ஸ் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. 2 மீட்டரில், மட்டமாகப் பிடித்தாலே கணுக்காலிலிருந்து ஆறடிக்கு மேல் வரை விழும்.

மட்டமாகப் பிடிப்பதுதான் வரவில்லை. எப்படிப் பழகுவது?

ரோல் போடாமல் பழகுங்கள். சின்ன ரசமட்டம் ஹார்டுவேர் கடையில் கிடைக்கும். அதை இரட்டைப் பக்க டேப்பால் கேமரா மேல் ஒட்டி, ஒரு வாரம் வீட்டுக்குள் நடந்து பாருங்கள். குமிழி நடுவில் நிற்கும்போது கட்டைவிரலும் மணிக்கட்டும் எப்படி இருக்கின்றன என்பதை உடம்பு கற்றுக்கொள்ளும். அப்புறம் கழற்றிவிடலாம்.

வயிறு கொஞ்சம் இருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தொப்புளுக்கு மேலே சாய்த்து வைத்தால் லென்ஸ் வானத்தைப் பார்க்கும், கீழே வைத்தால் தரையைப் பார்க்கும். வயிற்றில் அழுத்தி வைக்காமல், முழங்கைகளை விலாவில் ஒட்டிக்கொண்டு, கேமராவை வயிற்றிலிருந்து இரண்டு விரற்கடை தள்ளிப் பிடியுங்கள். மூச்சு விடும்போது வயிறு அசைவதும் படத்தைப் பாதிக்காது. வாரைச் சுருக்கிக் கழுத்தில் மாட்டிக் கீழ்நோக்கி இழுத்துப் பிடித்தால் இன்னும் நிலையாக இருக்கும்.

ஃபோகஸ்?

தூரத்தை நமக்குத் தெரிந்த சாமான்களால் அளந்துகொள்ளுங்கள். 2 மீட்டர் என்பது கிட்டத்தட்ட ஒரு கட்டில் நீளம். 3 மீட்டர் என்பது பத்துக்குப் பத்து அறையின் ஒரு சுவரிலிருந்து எதிர்ச்சுவர் வரை. இந்த இரண்டையும் தெருவில் பார்த்த மாத்திரத்தில் சொல்லத் தெரிந்துவிட்டால் முக்கால்வாசி வேலை முடிந்தது. நான் இன்றைக்கும் நடந்து போகும்போது மனசுக்குள் "அந்த ஆட்டோ ஒரு கட்டில், அந்தக் கம்பம் ஒரு அறை" என்று சொல்லிக்கொண்டேதான் போகிறேன்.

35 எம்எம் லென்ஸில் எஃப்/8 வைத்து (எஃப் எண் லென்ஸ் துவாரத்தின் அளவு; எண் கூடக் கூடத் துவாரம் சிறுக்கும், தெளிவாக வரும் தூரம் நீளும்), 2.5 மீட்டரில் ஃபோகஸை நிறுத்தினால் சுமார் 1.7 மீட்டரிலிருந்து 5 மீட்டர் வரை தெளிவாக வரும். எஃப்/11, 3 மீட்டர் என்றால் அதே 1.7 மீட்டரில் தொடங்கி 15 மீட்டர் வரை போகும். எஃப்/16-இல் 2.5 மீட்டர் வைத்தால் 1.3 மீட்டரிலிருந்து தெருக்கோடி வரை கவலையே இல்லை. கூரைக்குக் கீழே போய் எஃப்/5.6-க்கு இறங்கினால்தான் கஷ்டம், 1.9-இலிருந்து 3.8 மீட்டர் வரைதான் இடம். அங்கே கட்டில் கணக்கு தப்பக் கூடாது.

என்னிடம் இருப்பது ஆட்டோஃபோகஸ் கேமரா. ஆகாதா?

ஆகும், இரண்டு எச்சரிக்கையோடு. அது படத்தின் நடுப்புள்ளியில் என்ன இருக்கிறதோ அதைப் பிடிக்கும். இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்தால் நடுவில் உள்ள சந்து வழியாகப் போய்ப் பின்சுவரைப் பிடித்துக்கொள்ளும். ஆகவே வயிற்றை ஒருவர் பக்கம் திருப்பிக்கொண்டு அழுத்துங்கள். இரண்டாவது, ஒலிம்பஸ் மியூ-2 போன்றவற்றில் மூடியைத் திறக்கும்போதெல்லாம் ஃபிளாஷ் தானியங்கிக்குத் திரும்பிவிடும். ஒவ்வொரு முறையும் நிறுத்த வேண்டும். ரிக்கோ ஜிஆர்1-இல் ஃபோகஸை 2 மீட்டரில் நிறுத்தும் 'ஸ்னாப்' நிலை இருக்கிறது. அது இருப்பவர்கள் கொடுத்து வைத்தவர்கள்.

எந்த ரோல் போடுவது? நம் வெயிலுக்கு 400 அதிகமில்லையா?

400 போடுங்கள். இந்த எண் பிலிமின் ஒளியுணர்வு; எண் கூடினால் குறைந்த வெளிச்சமே போதும். வெட்டவெளியில் நடுப்பகல் வெயிலுக்கு 400 ரோலில் எஃப்/16, 1/500 நொடி என்பது பழைய கணக்கு. எக்ஸ்ஏ2 அதிகபட்சம் எஃப்/14, 1/750 வரை போகும், அதனால் சித்திரை வெயிலைக்கூடத் தாங்கிவிடும். அந்த நிலையில் கிட்டத்தில் உள்ளதும் தூரத்தில் உள்ளதும் எல்லாமே தெளிவாக வரும். வேலூர் வெயிலை எல்லாரும் திட்டுகிறார்கள். இடுப்பளவில் எடுப்பவர்களுக்கு அது கிடைத்தற்கரிய சொத்து.

ஆனால் நேதாஜி மார்க்கெட்டுக்குள் நுழைந்த அடுத்த நிமிடம் வெளிச்சம் சரிந்துவிடும். தார்ப்பாய்க்குக் கீழே அதே ரோலில் எஃப்/5.6, 1/60 அல்லது 1/125 தான் கிடைக்கும். அங்கே நடந்துகொண்டே எடுக்காதீர்கள். நின்று, மூச்சை விட்டு, அழுத்துங்கள். கலர் ரோல் என்றால் இன்னொரு சங்கடம்: நீலத் தார்ப்பாயின் நிறம் முகத்தில் இறங்கி எல்லாரும் குளிரில் விறைத்தவர்கள் மாதிரி தெரிவார்கள். அதனால் மார்க்கெட்டுக்கு நான் கறுப்பு வெள்ளைதான், பெரும்பாலும் இல்ஃபோர்ட் எச்பி5. கலரை மண்டித் தெரு, லாங் பஜார் போன்ற திறந்த இடங்களுக்கு வைத்துக்கொள்கிறேன்.

ரோலையும் கேமராவையும் வெயிலில் நிற்கும் வண்டிப் பெட்டிக்குள் வைக்காதீர்கள். மே மாதத்தில் அது அடுப்புதான்.

ஒரு ரோலில் எத்தனை தேறும்?

தொடக்கத்தில் 36-க்கு மூன்று. இப்போது ஏழெட்டு.

பார்க்காத மாதிரி எடுப்பது திருட்டுத்தனம் இல்லையா?

பார்க்காத மாதிரி எடுத்தால் திருட்டுத்தனம்தான். நானும் அப்படித்தான் தொடங்கினேன், அதை மறைக்க விரும்பவில்லை.

நேதாஜி மார்க்கெட்டில் கீரை விற்கும் ஓர் ஆயா. பொன்னாங்கண்ணிக் கட்டுகளை ஈரச் சாக்கால் மூடி, ஒரு கையால் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். நான் இரண்டு கடை தள்ளி நின்று, வெங்காய விலையைப் பார்ப்பது போல முகத்தைத் திருப்பிக்கொண்டு, வயிற்றிலிருந்து இரண்டு படம் எடுத்தேன். மூன்றாவதுக்குக் கட்டைவிரலால் சக்கரத்தைத் தள்ளும்போது ஆயா நிமிர்ந்து பார்த்தார். "இன்னா தம்பி, வயித்துல வச்சிக்கினு எடுக்கிறே? கேட்டா வேணாம்னா சொல்லப் போறேன்?" கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். எந்த ஊர் என்று கேட்டார், கல்யாணம் ஆயிற்றா என்று கேட்டார். கேமரா என் மடியில் எல்லாருக்கும் தெரிகிற மாதிரி இருந்தது. பத்து நிமிடம் கழித்து, ஒருவருக்குச் சில்லறை எண்ணிக் கொடுக்கும்போது அவர் உதடு முணுமுணுத்தது. அப்போது எடுத்தேன். அவருக்குத் தெரிந்துதான் எடுத்தேன், ஆனால் அவர் எண்ணுவதை நிறுத்தவில்லை.

ரோலைக் கழுவிப் பார்த்தபோது, திருட்டுத்தனமாக எடுத்த இரண்டிலும் ஒன்றும் இல்லை. சாய்ந்த தராசும் யாரோ ஒருவர் முதுகும்தான். மூன்றாவதில் ஆயா இருந்தார்.

அன்றிலிருந்து என் பழக்கம் இதுதான். முதலில் முகத்தைப் பார்க்கிறேன். கேமராவைக் கையில் தெரியக் காட்டி, தலையசைத்துக் கேட்கிறேன். வேண்டாம் என்றால் மூடியை 'டக்' என்று சத்தம் கேட்க மூடிவிடுகிறேன். அந்தச் சத்தம் அவர்களுக்கு ஒரு நிம்மதி. சரி என்றால் பேசத் தொடங்குகிறேன். கூட்டமாக நடக்கும் தெருவில் ஒவ்வொருவரையும் கேட்க முடியாதுதான். அங்கேயும் முகத்தைத் திருப்பிக்கொண்டு எடுப்பதில்லை. யாராவது பார்த்தால் சிரிக்கிறேன், கேட்டால் சொல்கிறேன்.

பெண்கள் விஷயத்தில் இன்னும் ஒரு படி கூடுதல் கவனம் வேண்டும். கீழே இருக்கும் கேமராவைப் பார்த்து ஒரு பெண் பயந்தால் அந்தப் பயம் நியாயமானது. படிக்கட்டு, பஸ், குளத்துறை, குழாயடி இங்கெல்லாம் கேமரா பைக்குள் இருக்க வேண்டும். யாரும் பார்க்கமாட்டார்கள் என்று நம்பி அந்தரங்கச் செயலில் இருக்கும் பெண்ணை எடுப்பது, நாட்டின் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 77-ஆவது பிரிவின்படி குற்றமும்கூட.

வேலூரில் எங்கே எடுக்கலாம், எங்கே கூடாது?

நேதாஜி மார்க்கெட், லாங் பஜார், மண்டித் தெரு, கோட்டை எதிரில் உள்ள மைதானப் பக்கம், பொய்கைச் சந்தை. பொய்கைக்கு விடிந்ததும் போய்விடுங்கள், வெயில் ஏறினால் மாடும் ஆளும் கிளம்பிவிடுவார்கள். காலைச் சாய்வெயிலில் மாட்டுக் கொம்பு வானத்துக்கு எதிரே நிற்பதை இடுப்பளவிலிருந்து எடுத்துப் பாருங்கள். பின்கால் பக்கம் மட்டும் நிற்காதீர்கள்.

ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்தின் யாளித் தூண்களைப் பார்க்காமல் வேலூரைப் பார்த்ததாகச் சொல்ல முடியாது. கோயிலுக்குள் எடுக்கும் முன் அங்கே இருப்பவர்களிடம் கேட்டுவிடுங்கள், சந்நிதிப் பக்கம் கேமராவே வேண்டாம். கோட்டைக்குள் உள்ள அரசு அலுவலகங்கள், காட்பாடி ஜங்ஷன் இரண்டையும் விட்டுவிடுங்கள்.

சிஎம்சி மருத்துவமனையை ஒட்டிய காந்தி ரோட்டில் நான் எடுப்பதே இல்லை. வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வந்து லாட்ஜில் தங்கி, கையில் ரிப்போர்ட் கவரோடு நடக்கிறவர்கள் அங்கே அதிகம். பார்க்கப் பார்க்க எடுக்கத் தோன்றும் முகங்கள்தான். ஆனால் அவர்கள் ஊரைவிட்டு இவ்வளவு தூரம் வந்தது என் படத்துக்காக இல்லை. அந்த ஐந்நூறு அடியில் கேமரா மூடியே இருக்கும்.

போனிலேயே இடுப்பளவில் எடுக்கலாமே?

பழகுவதற்குத் தாராளமாக எடுங்கள். ஐம்பது படம் பார்க்காமல் எடுத்து, மாலையில் உட்கார்ந்து எத்தனை சாய்ந்திருக்கிறது என்று பாருங்கள், செலவே இல்லை. ஆனால் போனின் முக்கிய லென்ஸ் 35 எம்எம்மைவிட அகலம், ஆகவே மேலே சொன்ன தலைக் கணக்கு அப்படியே பொருந்தாது. இன்னொன்று, போனில் எடுத்தவுடன் திரையைப் பார்க்காமல் இருக்க நம்மால் முடியாது. பார்க்கும் அந்த நொடியில் எதிரில் இருப்பவரை விட்டுவிடுகிறோம்.

ரோலை எங்கே கழுவுவது?

கலர் ரோலைச் சென்னை லேபுக்குக் கூரியரில் அனுப்புகிறேன். கறுப்பு வெள்ளையை வீட்டிலேயே. டெவலப்பர், அதாவது பிலிமில் படத்தை வெளிக்கொண்டுவரும் கரைசல், 20 டிகிரியில் இருக்க வேண்டும் என்று டப்பாவில் போட்டிருக்கும்; கோடையில் நம் மாடித் தொட்டித் தண்ணீர் 30-ஐத் தாண்டிவிடும். ஒரு பேசினில் ஐஸ்கட்டி போட்டு, பாட்டில்களை அதில் நிறுத்தி 24 டிகிரிக்குக் கொண்டுவந்து, நேரத்தைக் குறைத்துக்கொள்ளலாம். ஐடி-11 டெவலப்பரைச் சரிபாதி தண்ணீர் கலந்து பயன்படுத்தினால் எச்பி5-க்கு 20 டிகிரியில் 13 நிமிடம், 24-இல் சுமார் 9 நிமிடம். கழுவும் தண்ணீரும் அதே குளிர்ச்சியில் இருக்கட்டும்.

எடுத்த படத்தை அவர்களிடம் கொடுக்க வேண்டுமா?

கொடுங்கள். நாலுக்கு ஆறு பிரிண்ட் ஒன்றுக்கு ஆகும் காசு பெரிதில்லை. சந்தையில் உட்காருபவர்கள் பெரும்பாலும் அதே இடத்தில்தான் உட்காருவார்கள், தேடிப் போவது கஷ்டமில்லை. எந்த நாள், எந்த வரிசை, யார் என்று ரோல் டப்பாவிலேயே எழுதி வையுங்கள். ஒரு மாதம் கழித்து நெகட்டிவைப் பார்க்கும்போது ஞாபகம் இருக்காது.

கீரைக்கார ஆயாவுக்கு நான் பிரிண்ட் கொண்டுபோன அன்று அவர் கண்ணாடி இல்லாமல் வந்திருந்தார். படத்தைக் கை நீட்டித் தூரத்தில் வைத்துப் பார்த்தார், பக்கத்துக் கொத்தமல்லிக்காரரிடம் கொடுத்து "நான்தானா பாரு" என்று கேட்டார். அப்புறம் ஈரம் படாமல் இருக்க வாழை இலைத் துண்டில் வைத்து மடித்தார், அது நிற்கவில்லை. என்னிடம் கவர் இருக்கிறதா என்று கேட்டார். இல்லை. இப்போதெல்லாம் பிரிண்ட் கொண்டுபோகும்போது ஒரு பிளாஸ்டிக் உறையும் சேர்த்துக் கொண்டுபோகிறேன்.